நூறு கிலோமீட்டர் பரமபதம்

இந்திய விண்வெளி வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான வீடியோ கேமாக வடிவமைக்க வேண்டிய மூலப்பொருளில் பெரும்பகுதி ஒரே வழித்தடத்தில் கிடைக்கிறது. சென்னையின் மேற்குப் புறநகரான மண்ணூர்பேட்டையில் தொடங்கி, பாடி, மாதவரம், செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, தடா, சூலூர்பேட்டை வழியாக ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் முடியும் இந்தத் தடத்தின் நீளம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஏவுதளத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இதை விடியற்காலையில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுவதுண்டு. கேம் வடிவமைக்கப் போகிறவர் விழித்திருந்து பார்க்க வேண்டியது வழியிலேயே நிறைய இருக்கிறது.

மண்ணூர்பேட்டை எம்.டி.எச். ரோட்டின் மீது இருக்கிறது. பக்கத்திலேயே 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை. காலை ஷிஃப்டுக்கு முன்பு டீக்கடைகளில் நிற்பவர்களின் பேச்சில் லேத், மில்லிங், டை, ஜாப் ஒர்க் என்ற சொற்கள் சாம்பார், சட்னி போலச் சாதாரணமாக வந்து விழும். இங்குள்ள பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. அளவு தவறிய பாகத்தைத் தனியே எடுத்து வைத்து, அதன் மேல் ஒரு சீட்டைக் கட்டுவார்கள். விட்டம் கூடிவிட்டதா, கீறல் விழுந்ததா, வெப்பப் பதம் சரியில்லையா என்ற காரணம் அந்தச் சீட்டில் இருக்கும். ரிஜெக்ட் ஆன பீஸ் காரணத்தோடுதான் ஓரம் போகிறது. விண்வெளி வரலாற்றை விளையாட்டாக்க நினைப்பவருக்கு இந்தச் சீட்டைவிட நல்ல பாடம் கிடைக்காது. ராக்கெட் வரலாற்றின் பெரும்பகுதி, விழுந்த ராக்கெட்டின் மேல் கட்டிய சீட்டுகளின் வரலாறு.

இந்த வகை விளையாட்டுக்கு வயது ஐம்பதுக்கு மேல். அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய 1969ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் லெக்சிங்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஜிம் ஸ்டோரர், பிடிபி-8 கணினியில் நிலவிறங்கு விளையாட்டு ஒன்றை எழுதினார். அதில் படமே கிடையாது. உயரம், வேகம், மீதமுள்ள எரிபொருள் ஆகியவை எண்களாகத் தாளில் அச்சாகும். பத்து விநாடிக்கு ஒருமுறை எவ்வளவு எரிபொருளை எரிப்பது என்று ஆடுபவர் ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். 1979இல் அடாரி நிறுவனம் இதே கருவைக் கோட்டுச் சித்திரத் திரையில் காசு போட்டு ஆடும் இயந்திரமாக்கியது. 1993இல் வந்த ‘பஸ் ஆல்ட்ரின்ஸ் ரேஸ் இன்டு ஸ்பேஸ்’ வரலாற்றையே களமாக்கியது. ஆடுபவர் அமெரிக்காவையோ சோவியத் ஒன்றியத்தையோ ஏற்று, 1957இலிருந்து ஆறு ஆறு மாதமாக நகர்ந்து, மனிதரை முதலில் நிலவுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் நம்பகத்தன்மை விழுக்காடு ஒன்று உண்டு. ஆராய்ச்சிக்குச் செலவழித்தால் அது ஏறும். பயணத்தின் ஒவ்வொரு படியிலும் கணினி பகடை உருட்டிப் பிழைத்ததா, வெடித்ததா என்று சொல்லும். பிறகு மெக்சிகோவில் உருவாகி 2011இல் வெளிவந்த ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ சுற்றுப்பாதை இயற்பியலை உலகெங்கும் பிள்ளைகளின் விரல்நுனிக்குக் கொண்டுவந்தது. கற்பனைக் கோளில் நடப்பதால் அதில் வரலாறு இல்லை.

பகடை உருட்டி மேலே ஏறுவதும் பாம்பு கடித்துக் கீழே சறுக்குவதும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதமும் கல்வி விளையாட்டுதான். எந்தக் குணம் ஏற்றும், எந்தக் குணம் இறக்கும் என்று கட்டங்களிலேயே எழுதியிருப்பார்கள். அந்த வகையில் பரமபதம் 1993ஆம் ஆண்டு கேமை விட நேர்மையானது. அதில் பாம்புக்குப் பெயர் இருக்கிறது. கணினிப் பகடையில் ராக்கெட் வெடித்தால், விழுக்காடு போதவில்லை என்பதற்கு மேல் குழந்தைக்கு எதுவும் தெரியாது. இந்திய விண்வெளி விளையாட்டில் ஒவ்வொரு பாம்பும் பெயரோடும் தேதியோடும் இருக்க வேண்டும். 1987 மார்ச் 24: ஏ.எஸ்.எல்.வி. முதல் ஏவுதல், பக்கவாட்டு மோட்டார்கள் எரிந்து முடிந்த பின் முதல் நிலை பற்றிக்கொள்ளவில்லை. 1988 ஜூலை 13: இரண்டாவது ஏவுதல், அடர்ந்த காற்றைக் கிழித்துச் செல்லும் நேரத்தில் கட்டுப்பாடு போனது. 1993 செப்டம்பர் 20: பி.எஸ்.எல்.வி.யின் முதல் ஏவுதல், கடலில் விழுந்தது. மூன்றுக்கும் காரணம் வேறு. மூன்றும் ஒரே மாதிரி ‘தோல்வி’ என்று திரையில் வந்தால் அந்த விளையாட்டு பொய் சொல்கிறது.

மண்ணூர்பேட்டையிலிருந்து கிழக்கே சிறிது தூரத்தில் பாடி. ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருவலிதாயம் இங்கேதான் இருக்கிறது. குரு பகவானுக்குப் பெயர்பெற்ற இந்தக் கோயிலில் குருப்பெயர்ச்சி நாளில் கூட்டம் அலைமோதும். பாடிச் சந்திப்பின் லாரி இரைச்சலுக்கு நடுவே இந்தக் கோயில் ஒரு வடிவமைப்புக் கேள்வியை எழுப்புகிறது: வரலாற்றை எங்கே தொடங்குவது? வியாழன் எந்த ராசியில் நிற்கிறது என்று தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு அது வானத்தில் எங்கே நிற்கிறது என்று தெரிவதில்லை. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த போக்சன், 1861இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஏஷியா என்று பெயர் வைத்தார். ஆகவே தொடக்கக் கட்டம் தொலைநோக்கியோடு மெட்ராஸிலேயே அமையலாம். ஆனால் அது சிறிய கட்டமாக இருப்பது நல்லது. கதை உயிர்பெறும் இடம் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா. முதல் ராக்கெட் அங்கிருந்து பறந்த நாள் 1963 நவம்பர் 21. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வழியே செல்வதால் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த மீனவ ஊரில், மக்தலேனா மரியாள் தேவாலயம் அலுவலகமானது. ஆடுபவரின் முதல் பணி ஏவுதல் அல்ல, ஊர் மக்களிடம் பேசி இடம் கேட்பது என்று வைத்தால், விஞ்ஞானம் எங்கே காலூன்றியது என்பது முதல் நிமிடத்திலேயே புரியும்.

பாடியிலிருந்து வடக்கே இருநூறு அடிச் சாலை. கொளத்தூர், ரெட்டேரி தாண்டி மாதவரம் வந்தால் கன்டெய்னர் லாரிகளின் ராஜ்யம். பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்ப்பதே ஒரு கலை என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. இந்திய விண்வெளித் துறையின் இரண்டு புகழ்பெற்ற புகைப்படங்களும் சுமை தூக்குவது பற்றியவை. தும்பாவில் ராக்கெட்டின் கூம்பைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிச் செல்லும் படம் ஒன்று. 1981இல் ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றி நிறுத்திய படம் மற்றொன்று. இரண்டையும் சேர்த்து ஏழ்மையின் சின்னங்களாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. சைக்கிளைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. மாட்டுவண்டிக்கு வேறு காரணம் உண்டு. செயற்கைக்கோளின் ஆன்டெனாவைத் திறந்தவெளியில் சோதிக்க வேண்டியிருந்தது. உலோக உடல் கொண்ட லாரியின் மேல் வைத்தால் அந்த உலோகமே அலைகளைத் திருப்பியடித்துச் சோதனையைக் கெடுத்துவிடும். மரத்தாலான வண்டி கெடுக்காது. பொறியாளர்கள் யோசித்துத்தான் மாட்டுவண்டியைப் பிடித்தார்கள். 1981 ஜூன் 19 அன்று ஏரியன் ராக்கெட்டில் ஆப்பிள் விண்ணுக்குப் போனது.

கேமில் இது மிகச் சிறந்த புதிராக அமையும். ஆடுபவரின் முன் லாரி, டிராக்டர், மாட்டுவண்டி மூன்றும் நிற்கின்றன. கையில் காசும் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் லாரியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அளவீடுகள் தாறுமாறாக வரும். ஏன் என்று தேடித் தேடி, கடைசியில் வண்டிக்காரரிடம் போய் நிற்பார்கள். பாடப்புத்தகத்தில் படத்தின் அடியில் ஒரு வரியாகப் போகும் செய்தி, இங்கே ஒரு பிள்ளையின் சொந்தக் கண்டுபிடிப்பாகிறது. கல்வி விளையாட்டு என்று பெயர் வைத்துக்கொண்டு இடையிடையே கேள்வி கேட்டு மதிப்பெண் போடுபவை சந்தையில் ஏராளம். அவை விளையாட்டும் இல்லை, கல்வியும் இல்லை. ஆடும் செயலிலேயே பாடம் இருந்தால்தான் அது நிற்கும்.

செங்குன்றம், நல்லூர் சுங்கச்சாவடி, காரனோடைப் பாலம். ஜி.என்.டி. ரோடு நேர்க்கோடாக வடக்கே ஓடுகிறது. கும்மிடிப்பூண்டியில் உருக்கு ஆலைகளின் புகைபோக்கிகள் தெரியத் தொடங்கும் இடத்தில், உலோகத்தைப் பற்றிய ஒரு கட்டம் பொருந்தும். அது இரண்டு கசிவுகளின் கதை.

1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி.-3 முதல் ஏவுதல். திட்டப் பொறுப்பு அப்துல் கலாமிடம். புறப்படச் சில நிமிடங்களே இருந்தபோது கணினி நிறுத்தச் சொன்னது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. இருப்பு போதும், போகலாம் என்று வல்லுநர்கள் கணக்குச் சொன்னார்கள். கணினியை மீறி ஏவச் சொன்னதாகக் கலாமே பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இரண்டாம் நிலையில் கட்டுப்பாடு போய், ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. செய்தியாளர்களை இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் முன்னின்று எதிர்கொண்டார். 1980 ஜூலை 18 அன்று அடுத்த ராக்கெட் 35 கிலோ ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, பேசச் சொல்லி கலாமை அனுப்பினார்.

2013 ஆகஸ்ட் 19. ஜி.எஸ்.எல்.வி.-டி5. புறப்பட 74 நிமிடங்கள் இருக்கும்போது இரண்டாம் நிலையின் எரிபொருள் கசிவது தெரிந்தது. இந்த முறை நிறுத்தினார்கள். ராக்கெட்டை ஏவுதளத்திலிருந்து திரும்ப எடுத்துச் சென்று பிரித்துப் பார்த்ததில், தொட்டியின் அலுமினியக் கலவையே காலப்போக்கில் விரிசல் விடும் தன்மையுடையது என்று தெரிந்தது. கலவையை மாற்றினார்கள். 2014 ஜனவரி 5 அன்று அதே டி5, இந்தியாவின் சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு வெற்றிகரமாகப் பறந்தது.

இரண்டு கசிவுகளையும் ஒரே கேமில், நடுவே பல மணி நேர ஆட்டம் கிடக்கும்படி வைக்க வேண்டும். முதலாவதில் ஆடுபவருக்கு அன்றைய மனிதர்கள் அறிந்தது மட்டுமே தெரிய வேண்டும்: கசிவு உண்டு, இருப்பு போதும் என்கிறார்கள், கடிகாரம் ஓடுகிறது. முடிவை முன்பே சொல்லிவிட்டால் எவரும் ‘நிறுத்து’ என்ற பொத்தானைத்தான் அழுத்துவார்கள். 1979இல் அந்த அறையில் இருந்தவர்களைப் பற்றி அவர்கள் எதுவும் கற்கமாட்டார்கள். வரலாற்று விளையாட்டை வடிவமைப்பதில் மிகக் கடினமான வேலை, பின்னால் தெரிந்ததை மறைப்பதுதான். முப்பத்து நான்கு ஆண்டு கழித்து இன்னொரு கசிவு வரும்போது, முதல் கசிவின் நினைவு ஆடுபவரின் விரலிலேயே இருக்கும். அதற்கு விளக்கவுரை வேண்டாம்.

ஆரம்பாக்கம் தாண்டியதும் பெயர்ப்பலகைகள் தமிழிலிருந்து தெலுங்குக்கு மாறுகின்றன. எழுத்து வடிவம் பற்றி யோசிக்கச் சரியான இடம். தமிழில் கேம் செய்பவர்களைப் பல ஆண்டுகளாக வாட்டியது ராக்கெட் இயற்பியலைவிட ஒற்றைக் கொம்புதான். ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும் என்பது பல கேம் எஞ்சின்களுக்குத் தெரியாது. எழுத்துகள் இடம் மாறி, கொம்பும் காலும் தனித்தனியே மிதக்கும். அதனால் பலர் தமிழ் வரிகளைப் படமாக மாற்றி ஒட்டினார்கள். ஒரு பிழை திருத்த வேண்டுமானால் படம் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். 2023இல் வந்த கோடாட் எஞ்சினின் நான்காம் பதிப்பு இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கக் கற்றுக்கொண்டது. திறமூல மென்பொருள் என்பதால் அரசுப் பள்ளிக் கணினி ஆய்வகத்துக்கும் செலவில்லை. சொற்களைப் பொறுத்தவரை செயற்கைக்கோள், ஏவுதளம், சுற்றுப்பாதை ஆகியவை செய்தித்தாள் வழியே வீட்டுக்குள் வந்துவிட்டவை. ராக்கெட், லேண்டர், ரோவர், கவுண்ட்டவுன் ஆகியவற்றை அப்படியே விடுவது நல்லது. ஆடும் வேகத்தில் அகராதி தேட வைக்கக் கூடாது.

சூலூர்பேட்டைக்குச் சென்னையிலிருந்து புறநகர் ரயிலும் உண்டு. கொரட்டூரில் ஏறி சென்ட்ரல் போய் மாறிக்கொண்டால் மண்ணூர்பேட்டைக்காரர் சாலையைத் தவிர்க்கலாம். ஊரில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. ஏவுதலுக்கு முன் இஸ்ரோ தலைவர்கள் இங்கே வந்து கும்பிட்டுப் போவது வழக்கம். இதைக் கேமில் காட்டலாமா என்று தயங்குவோர் இருப்பார்கள். நடப்பதைக் காட்டாமல் விடுவது வரலாறு ஆகாது. நடந்தபடி காட்டிவிட்டு நகர்ந்தால் போதும்.

ஊரைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் பழவேற்காடு ஏரி. அதன் குறுக்கே போட்ட சாலை தீவை நோக்கி நீள்கிறது. மழைக்காலம் முடிந்து குளிர்காலத்தில் இரண்டு பக்கமும் பூநாரைகள் முழங்கால் நீரில் கூட்டங்கூட்டமாக நிற்கும். இந்தச் சாலை ராக்கெட்டுக்காக வந்தது. தீவில் அதற்கு முன் யானாதிப் பழங்குடியினர் காட்டிலும் ஏரியிலும் பிழைத்துவந்தார்கள். 1969இல் தீவு தேர்வானது. அவர்கள் இடம்பெயர வேண்டியதாயிற்று. ஆடுபவரின் வரைபடத்தில் ஸ்ரீஹரிகோட்டா வெற்று நிலமாக இருந்தால் அது தவறான வரைபடம். தும்பாவின் மீனவர்களுக்குக் கிடைத்த இடம் விளையாட்டில் யானாதிகளுக்கும் கிடைக்க வேண்டும்.

தீவில் முதல் ராக்கெட் 1971 அக்டோபர் 9 அன்று பறந்தது. நூறாவது பெரிய ஏவுதல் 2025 ஜனவரி 29 அன்று நடந்தது. கிழக்குக் கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணம்: பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் கிழக்கே ஏவும் ராக்கெட்டுக்கு அந்த வேகம் இனாமாகக் கிடைக்கிறது, விழுந்தால் கடலில் விழும். இதோடு பிரச்சினை முடிந்துவிடவில்லை. பூமியைத் துருவம் நோக்கிச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோளைத் தெற்கே ஏவ வேண்டும். நேர் தெற்கே ஏவினால் எரிந்து விழும் பாகங்கள் இலங்கைப் பக்கம் போகும். அதனால் பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைச் சுற்றிக் கடலின் மேலேயே வளைந்து தெற்கே திரும்புகிறது. அந்த வளைவு எரிபொருளைத் தின்கிறது. தின்ற அளவுக்குச் சுமை குறைகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதன் காரணம் இதுதான். அங்கிருந்து தெற்கே வெறும் கடல். சிறு ராக்கெட்டுக்கு அந்த மிச்சம் பெரிது.

இதை விளக்கிச் சொன்னால் ஒரு பத்தி. விளையாட்டில் ஒரு கோடு. ஆடுபவர் திரையில் விரலால் பாதை வரைகிறார். நேராக வரைந்தால் எச்சரிக்கை. வளைத்தால் சுமைப் பெட்டியிலிருந்து கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. எதை விடுவது, எதை வைப்பது என்று அவரே முடிவு செய்ய வேண்டும். பிற்காலக் கட்டம் ஒன்றில் குலசேகரப்பட்டினம் திறக்கும்போது, அந்தக் கோட்டை நேராக இழுக்கும் ஒரே அசைவில் புவியியல் முழுதும் கைக்கு வந்துவிடும்.

கடைசிக் கட்டத்துக்குரிய பொருள் நிலவில் இருக்கிறது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் இறங்கும்போது எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாக உந்தின. பிழை சேர்ந்துகொண்டே போனது. கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பும் வேகத்துக்கு மென்பொருளில் வரம்பு இருந்தது. இறங்க ஒதுக்கிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3இல் அந்தச் சீட்டுகள் ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. ஐந்து எஞ்சின் நான்கானது. கால்கள் தடித்தன. எரிபொருள் கூடியது. இறங்குமிடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. 2023 ஜூலை 14 அன்று இதே தீவிலிருந்து புறப்பட்டு ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு இறங்கியது. சோதனைக்கு வேண்டிய நிலவு மண் நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை அரைத்துக் கிடைத்தது. தந்தது சேலம் பெரியார் பல்கலைக்கழகம். ஸ்டோரர் 1969இல் எழுதிய அதே ஆட்டம்தான் இதுவும். ஒரே வேறுபாடு, இங்கே இறங்கும் நேரத்தில் ஆடுபவரின் கைக்கு வேலையில்லை. ஒவ்வொரு கணத்துக்கும் தரையிலிருந்து கட்டளை வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் கலமே முடிவெடுக்கிறது. எனவே ஆட்டம் இறங்குவதற்கு முன்னாலேயே நடக்கிறது: எஞ்சின் எத்தனை, கால் எவ்வளவு தடிமன், நாமக்கல் மண்ணில் எத்தனை முறை போட்டுப் பார்ப்பது. அதன்பின் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்திருக்க வேண்டும். அன்று நாடே அப்படித்தான் பார்த்திருந்தது.

தீவில் 2019 முதல் பொதுமக்களுக்குப் பார்வையாளர் மாடம் உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் ஏவுதலை அங்கிருந்து பார்க்கலாம். முதலில் ஒளி. புகை கிளம்பி ராக்கெட் மேலே எழுந்த பிறகும் சில விநாடிகள் அமைதி. பிறகு சத்தம் வந்து நெஞ்சில் மோதும். கேம்களில் ஒளியையும் ஒலியையும் ஒன்றாகவே ஓட்டிவிடுகிறார்கள். தொலைவுக்கு ஏற்ப ஒலியைத் தாமதப்படுத்துவது சில வரி நிரல்தான். மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்.

ஆடுபவர் நிற்குமிடத்தை மாற்றினால் காட்சியும் மாற வேண்டும். ஏவுதளத்தின் அருகே, பார்வையாளர் மாடம், பழவேற்காட்டுக் கரை, கடைசியில் மண்ணூர்பேட்டையில் ஒரு மொட்டைமாடி. வானம் தெளிந்த இரவில் அங்கிருந்தும் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் வடக்கே ஓர் ஆரஞ்சுப் புள்ளி எழும்பி, கடல் பக்கமாகச் சாய்ந்து, மங்கி மறையும். அந்தத் தொலைவுக்குச் சத்தம் வராது. தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்டின் இரைச்சல் மட்டும் கேட்கும்.